பாட்டு முடிவதற்குள் கிளம்பியவர்கள்

எங்கேயாவது ஒலிபெருக்கியில் பாட்டு எடுத்தால் என் மனைவி கலா அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நிற்பாள். காதைக் கொஞ்சம் சாய்ப்பாள். "தெக்கால வருது. யாரோ வீடு குடிபோறாங்க" என்பாள். இன்னொரு நாள், "காதுகுத்து. தண்ணி டேங்கு பின்னாடி" என்பாள். முதல் பாட்டின் முதல் அடி போதும் அவளுக்கு. என்ன விசேஷம், எந்தத் தெரு, நாம் போக வேண்டிய வீடா என்பதெல்லாம் தெரிந்துவிடும். மலேசியாவில் கிள்ளானில், எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டு விசேஷம் அடுத்த வீட்டுக்குக் கைப்பேசி வழியாகத்தான் தெரியும். சத்தம் கொஞ்சம் கூடினால் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வந்து கேட்டைத் தட்டுவார். இங்கே ஊரே ஒரு பெரிய காது. புதுச்சேரிக்கு வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் சில காலைகளில் கலா கொல்லையிலிருந்து திரும்பி வந்து ஒன்றுமே சொல்லாமல் அடுப்பை அணைத்துவிடுவாள். அன்றைக்கு எதுவும் கேட்கக் கூடாது என்று மட்டும் புரிந்து வைத்திருந்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டியவன் நான். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் வேனில் ஓடிய பாட்டும், வேனில் ஏறிய மனிதர்கள் பேசிய பேச்சும் சொல்லிக்கொடுத்தவை. கலாவுக்குச் சொந்த ஊர் இந்த உழவர்கரை. அவள் அப்பா படுத்தபோது பார்த்துக்கொள்ள வந்தோம். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடந்தே நாட்கள் போயின. அவர் போன பிறகும் ஏனோ திரும்பவில்லை. சும்மா இருக்கிற வாய் சும்மா இருக்குமா? ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பழைய பாட்டை எடுத்து, அது பிறந்த கதையைச் சொல்லி, அந்த வாரத்துச் செய்தி ஒன்றோடு முடிச்சுப் போட்டு, குரலில் பதிந்து, கிள்ளான் நண்பர்கள் உங்களுக்கெல்லாம் அனுப்ப ஆரம்பித்தேன். இங்கே குழாயில் தண்ணீர் வராத வாரத்தில் ஒரு மழைப் பாட்டைப் போட்டு, அந்த மழையைப் படப்பிடிப்பில் லாரித் தண்ணீர் கொண்டு பெய்வித்த கதையைச் சொன்னேன். தேர்தல் வந்தபோது ஒரு தாலாட்டைப் போட்டேன். யாரைத் தூங்க வைக்கிறார்கள் என்று நீங்களே சிரித்துக்கொண்டீர்கள். பாட்டுக்கும் நடப்புக்கும் நடுவில் ஒரு நூலைக் கோப்பதுதான் என் வேலை. இந்த முறை நான் கோக்கவில்லை. அதுவே கோத்துக்கொண்டது.

நம் கல்யாணங்களில் போடுகிற அந்தக் கதவுப் பாட்டு உங்களுக்கு மனப்பாடம். மாப்பிள்ளை பெண்ணை அழைத்துப்போக வரும்போது, பெண்ணின் தங்கைமார் வாசற்கதவைச் சாத்திக்கொண்டு அங்பாவ் பண உறை கேட்டு அடம்பிடிப்பார்களே, சீனக் கல்யாணத்தைப் பார்த்து நாம் பழகிக்கொண்டது, அப்போது போடுவோமே, அதுதான். ஏதோ ஒரு சிரிப்புப் படம். சீட்டாடிவிட்டு விடியக்காலையில் வீடு திரும்பும் கணவன், உள்ளே தாழ் போட்டுக்கொண்ட மனைவியைக் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். பாட்டு முழுக்க நடுநடுவே கதவு தட்டும் சத்தம். கடைசிச் சரணம் முடிந்ததும் ஒரு பெண் கலகலவென்று சிரிப்பாள், தாழ்ப்பாள் விலகும். அந்தச் சிரிப்பு வந்ததும் நாமும் கதவைத் திறந்து மாப்பிள்ளையை உள்ளே விடுவோம். அந்தச் சிரிப்பைப் பற்றி என் அப்பாவின் கூட்டாளி ஒருவர் சொன்ன கதை உண்டு, நிசமா என்று எனக்குத் தெரியாது. கதாநாயகியும் சிரிக்கவில்லையாம், பாடகியும் சிரிக்கவில்லையாம். ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் தேநீர் கொண்டுவந்த ஒரு பெண், பாடகர் கெஞ்சிய அழகைப் பார்த்துத் தன்னை மறந்து சிரித்துவிட்டாளாம். இசையமைப்பாளர் அதை அப்படியே வைத்துக்கொண்டாராம். அவள் யார், பேர் என்ன, ஒருவருக்கும் தெரியாது.

என் அக்கா மகளின் கல்யாணத்துக்கு முதல் நாள். போக முடியாத ஏக்கத்தில், முற்றத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் அந்தப் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தேன். கரையோரக் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் செல்வி அப்போதுதான் கேட்டுக்கு வந்தாள். கூடையை இறக்காமல் நின்றாள்.

"யாருக்குண்ணா?" என்றாள், தணிந்த குரலில்.

"எங்க அக்கா மகளுக்கு."

"ஐயோ. சின்னப் பொண்ணா?"

"சின்னப் பொண்ணுதான். இருபத்தஞ்சு வயசு."

"எப்போ?"

"நாளைக்குக் காலையில. பத்து மணிக்குள்ள முடிச்சிடுவாங்க. நான்தான் போக முடியல."

செல்வி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நாளைக்கா? அதெப்படிண்ணா... டாக்டருங்களே நேரம் குறிச்சிட்டாங்களா?"

"டாக்டர் எதுக்கும்மா? ஐயர்தான் குறிச்சாரு. எல்லாம் தயார். மாப்பிள்ளை வந்து கதவத் தட்ட வேண்டியதுதான் பாக்கி" என்று நான் வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன்.

அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. கூடையை இறக்கவே இல்லை. ஒன்றும் விற்காமல் விறுவிறுவென்று தெருமுனையைப் பார்த்து நடந்தாள். என் கையில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

உள்ளேயிருந்து ஓடி வந்த கலா தலையில் அடித்துக்கொண்டாள். "உங்கள யாரு அத இங்க போடச் சொன்னது? அது சாவு வீட்டுப் பாட்டுங்க!" அவள் அடுப்பை அணைக்கும் காலைகளில் தூரத்தில் கேட்பது அந்தப் பாட்டுதானாம். காற்றில் கரைந்து வந்ததால் எனக்குப் பிடிபடவில்லை. இந்தப் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில், பாடையைத் தூக்குமுன் கடைசியாகப் போடும் பாட்டு அது. கதவு தட்டும் சத்தம் கேட்டால் வழியில் போகிறவர்கள் செருப்பைக் கழற்றி நிற்பார்கள். கிள்ளானில் தட்டினால் மாப்பிள்ளை, இங்கே தட்டினால் எமன். அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த ஞாயிறு உங்களுக்குச் சொல்ல நல்ல சரக்கு கிடைத்தது என்று நினைத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

ஐப்பசி கடைசியில் புயல் வந்தது. எச்சரிக்கை வருமுன்பே போய்விட்ட படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. கரை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒன்று கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்தி ஏறினார்கள். செல்வியின் கணவர் ஏழுமலை ஏறவில்லை. உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஒரு வரியாக அடியில் ஓடிற்று: மீனவர் ஒருவர் மாயம். அடுத்த வரியில் பள்ளிகளுக்கு விடுமுறை. கடலோரக் காவல்படை தேடியது, குப்பத்துப் படகுகள் தேடின, உடல் கிடைக்கவில்லை.

கலாவும் நானும் ஒரு மத்தியானம் போனோம். அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். கடலில் போனவரின் உடல் கிடைக்கவில்லை என்றால் அந்த வீட்டுத் தெருக்கதவைச் சாத்துவதில்லை. மழையானாலும் காற்றானாலும் திறந்தே கிடக்கும். ஒன்று அவர் வர வேண்டும். இல்லாவிட்டால் ஊர் கூடிக் கதவுப் பாட்டைப் போட்டு, போய்விட்டார் என்று முடிவு கட்டி, கதவைச் சாத்த வேண்டும். நாங்கள் போனபோது கடற்காற்று கொண்டுவந்த மணல் நிலைப்படி தாண்டி, கூடம் தாண்டி, சமையற்கட்டு வரைக்கும் மெல்லிசாகப் படிந்திருந்தது. செல்வி அதைப் பெருக்கவில்லை. தெருவில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள் அந்தக் கதவைத் தாண்டும்போது மட்டும் பேச்சை நிறுத்தி, தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். குட்டியோடு வந்த ஒரு ஆடு வாசலில் நின்று உள்ளே வெறித்துப் பார்த்தது. செல்வி விரட்டவில்லை. அது தானாகவே பின்னுக்கு நகர்ந்து போயிற்று.

பக்கத்து வீடு ஏழுமலையின் தம்பி மணியுடையது. அதே படகில் போய் உயிரோடு வந்தவர். எங்கள் எதிரிலேயே அண்ணியிடம் சண்டை போட்டார்.

"அண்ணி, நான்தான் கைய புடிச்சிருந்தேன். என் கையிலேர்ந்துதான் போனாரு. இதுக்கு மேல இன்னா சொல்லணும் ஒனக்கு?"

"போனத பாத்தியா?"

"அல வந்துச்சு. அப்பறம் கையில ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா? ஒண்ணுமில்லாதத எப்டி நீ பாத்த?"

"படுத்தா கதவு ஆடுற சத்தம் அண்ணி! அவரு வந்து வந்து போறாப்ல இருக்குது. நீயும் தூங்கல, என்னையும் தூங்க வுடல. சாத்து அத!"

மாசி மகத்துக்கு முன் குப்பத்துக் கோயிலில் கொடியேற்ற வேண்டும். சாவா இல்லையா என்று தெரியாத வீடு ஊருக்குள் திறந்து கிடந்தால் கொடி ஏறக் கூடாது. பஞ்சாயத்து அதுவரைக்கும்தான் பொறுப்பதாகச் சொல்லியிருந்தது. அதன் பிறகு ஏழுமலை செத்தவர்தான். செல்வி ஒத்துக்கொண்டாலும் சரி, ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சரி.

தை பிறந்ததும் அவள் மறுபடி கூடையோடு எங்கள் தெருவுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். மீனை எடுத்துக் காட்டவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேப்பேன். பைத்தியம்னு நெனைக்காதீங்க. அன்னிக்கி ஒங்க போன்ல அந்தப் பாட்டு ஓடுச்சில்ல? நான் தெருமொனைக்குப் போயிட்டேன். அப்ப ஒரு பொம்பள சிரிச்சா. கலாக்காவா?"

"நான் எதுக்குடி சிரிக்கப் போறேன்?" என்றாள் கலா.

"பாட்டுல வர்றதும்மா அது" என்றேன்.

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அப்ப நெசந்தான். அவரு போறதுக்கு மின்னாடியே கேட்டுட்டேன். யாரோ என்னைப் பாத்து சிரிச்சாப்ல இருந்துச்சு. அன்னிலேர்ந்து காதுல அதான். யாருண்ணா அவ?"

யாரென்று ஒருவருக்கும் தெரியாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? "கதையில அவன் பொண்டாட்டிம்மா. சிரிச்சிக்கிட்டே கதவத் தொறக்கறா. அவன் உள்ள வந்துடறான்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "எங்களுக்கு அது இல்லியேண்ணா. இங்க அவன் வெளியவே நின்னு கூப்புட்டுக்கினு இருக்கான். அதோட நின்னுபூடும்."

ஒரே பாட்டு எப்படி இரண்டு ஊரில் இரண்டு முடிவாகும்? மறுநாளே முல்லா வீதிப் பக்கம் மைக்செட் வைத்திருக்கும் கஃபூர் பாயைத் தேடிப் போனேன். கரையோரச் சாவுகளுக்கெல்லாம் அவர் அத்தா காலத்திலிருந்து அவர்கள் செட்டுதான். விஷயத்தைச் சொன்னதும் பாய் சிரித்தார்.

"மலேசியாவுல பாட்டெல்லாம் நீளமா வளருதோ? மண்ணு நல்ல மண்ணு போல."

கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். பாதி வரைக்கும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக நிற்கிற இடம் வந்தது. அவர் கை, இல்லாத ஒரு பொத்தானை அமுக்கப் போயிற்று. பாட்டு நிற்கவில்லை. கடைசிச் சரணம், சிரிப்பு, தாழ்ப்பாள். பாயின் முகம் மாறிவிட்டது. எழுந்து போய்த் தகர அலமாரியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து வந்தார். அத்தா கையெழுத்தில் ஒரு கதவின் படம் மட்டும் கிறுக்கியிருந்தது.

"எங்க அத்தா ரிக்கார்டுலேர்ந்து இதுல ஏத்துனாரு. மின்னாடி ரெண்டு ஒப்பாரி, அப்பறம் இந்தப் பாட்டு. நாடா பத்தல. பக்கம் தீந்துபோச்சு. அவ்ளோதான் தம்பி."

"மீதிய மறுபக்கத்துல ஏத்தியிருக்கலாமே பாய்?"

"சாவு வூட்ல நின்னுக்கினு எவன்யா கேசட்ட திருப்பிப் போடுவான்? பாட்டு நின்னா பாடைய தூக்குவாங்க. அதான் அடையாளமா பூடுச்சு. கேசட்டுலேர்ந்து சீடி, சீடிலேர்ந்து இந்தப் பென்டிரைவு, அப்டியே வந்துடுச்சு." கேசட்டைக் கையில் திருப்பிப் பார்த்தார். "அப்போ இத்தினி வருசமா எல்லாரையும் பாதிப் பாட்டுலயே அனுப்பியிருக்கோம்." பிறகு, தன்னைத் தானே தேற்றிக்கொள்வது போல, "எங்க ஆளுங்களுக்குப் பாட்டே கெடையாது. தப்பிச்சோம்" என்றார். இருவரும் சிரிக்கப் பார்த்தோம். வரவில்லை. கடைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கிகள் வாயைத் திறந்துகொண்டு எங்களையே பார்த்தன.

நாடா தீர்ந்த இடத்தில் ஓர் ஊர் தன் சாவு வழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. அத்தனை பேரும் பாட்டு முடிவதற்குள் கிளம்பியவர்கள். கிள்ளானில் முழு இசைத்தட்டு இருந்ததால் நமக்கு அது கல்யாணம். நண்பர்களே, அடுத்த கல்யாணத்தில் அந்தச் சிரிப்பு வரும்போது நீங்கள் கதவைத் திறப்பீர்கள், தெரியும். எனக்கு இனிமேல் அது முடியுமா என்று தெரியவில்லை.

பாய் சொன்னதைச் செல்வியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அடுத்த நாள் பஞ்சாயத்தில் போய், சாத்தலாம், ஆனால் முழுப் பாட்டையும் போட வேண்டும் என்றாளாம். மணி குதித்தார்: "இன்னா அண்ணி புதுசா?" பெரியவர் ஒருவர், "பாட்டு நீண்டா நமக்கு இன்னாடா? கதவு சாத்துனா சரி" என்று முடித்துவிட்டார். இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தக் கதவை உறவுக்காரர்கள் சாத்தக் கூடாது. பெண் கொடுத்து எடுக்கிற ஊர்க்காரர்களும் கூடாது. எதிலும் சேராத ஆள் வேண்டும். செல்வி என் பேரைச் சொன்னாள்.

"அண்ணான்னு கூப்புடுறியே அவர?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"கூப்புடறதுதான். அவரு மலேசியா" என்றாளாம்.

அன்று காலை கஃபூர் பாய் என் கைப்பேசியிலிருந்து பாட்டை ஏற்றிக்கொண்டு வந்து, கடலைப் பார்த்த தென்னையில் கூம்பைக் கட்டினார். ஊர் கூடியிருந்தது. செல்வி நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். நான் வெளியே, இரண்டு கதவின் வளையத்தையும் பிடித்துக்கொண்டு. தட்டும் சத்தம் எழுந்தது. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. முன்வரிசையில் நின்ற ஆண்கள், பழக்கத்தில், குனிந்தார்கள். தூக்கப் பாடை இல்லை. கைகள் தரைக்குப் பக்கத்தில் போய் வெறுமனே நின்றன. பாட்டு நிற்கவில்லை. குனிந்தவர்கள் நிமிரவும் தெரியாமல், அப்படியே, பிறந்ததிலிருந்து கேட்டிராத சரணத்தைக் கேட்டார்கள். அழுகை அடங்கிவிட்டது. பிறகு அந்தச் சிரிப்பு. கூம்பின் வழியாக அது கடல் மேல் பரந்து போயிற்று. தாழ்ப்பாள் விலகியது. மணி மட்டும் மெல்லத் திரும்பிக் கடலைப் பார்த்தார்.

செல்வி முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினாள். நனைந்து வருகிற ஒருவருக்கு வழி விடுகிற மாதிரி. அவள் கண் வாசலிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து சமையற்கட்டுக்கு, ஒரு நடையின் வேகத்தில் போயிற்று. நான் பார்த்த வரைக்கும் மணல் மேல் எதுவும் இல்லை. பிறகு அவள் என்னிடம் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"வந்துட்டாரு. இப்ப சாத்துங்கண்ணா."

சாத்தினேன். ஈரத்தில் ஊதிப்போன கதவு, மணல் வேறு. இழுத்துத்தான் சாத்த வேண்டியிருந்தது. ஊருக்கு ஏழுமலை வெளியே போயாயிற்று. கொடி ஏறும். உள்ளே தாழ் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குடத்திலிருந்து தண்ணீர் சாய்க்கும் சத்தமும், தரையில் தட்டு வைக்கும் சத்தமும் கேட்டன. இன்னொரு தட்டும்.

என்னிடம் யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கதவு சாத்தியதும் ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்பது அங்கே வழக்கம். மணியும் அப்படியே போனார், கஃபூர் பாயும் கூம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்படியே போனார். நான் கதவு வளையத்தில் கை வைத்தபடி நின்றேன். தட்டவும் முடியாது, உள்ளே இருப்பது என் உறவு இல்லை. போகவும் கால் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் கடல். அதன் அந்தக் கரையில் எங்கேயோ கிள்ளான். வெளியூர்க்காரன் திரும்பிப் பார்க்கலாமா, கூடாதா என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.